தட்டிப் பார்க்கிறவன்

முழங்காலை மார்புவரை மடக்கச் சொன்னார்கள்,
இடப்பக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்த்து.
ரெஜ்ஜோ எமிலியா, ஆஸ்பத்திரியின் இரண்டாம் தளம்.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி
என் காரை விழுங்கிவிட்டிருந்தது.

"கொஞ்சம் சில்லென்று இருக்கும், சின்யோர் இவானோ"
என்றாள் டாக்டர் தெல்ஃபினா. இருந்தது.
விரல் தடிமனில் ஒரு குழல்,
அறுபத்தாறு வருடம் யாருக்கும் திறக்காத கதவைக்
கேட்காமலே திறந்தது.
இல்லை, கேட்டார்கள். கையெழுத்துகூட வாங்கினார்கள்.

என் பிழைப்பு சீஸைத் தட்டுவது.
நாற்பது கிலோ சக்கரம், பலகையில் ஒரு வருடம் கிடந்தது,
சின்னச் சுத்தியால் தட்டினால்
உள்ளே வெடிப்பா, பொந்தா, சுகமா என்று
வெட்டாமலே சொல்லிவிடுவேன்.
சந்தேகம் வந்தால் மட்டும் ஊசி.

இந்த அல்ட்ராசவுண்டும் தட்டுகிறதாம்,
வினாடிக்குப் பல லட்சம் முறை.
திரும்பி வருவதைப் படமாக்குகிறதாம்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
காதை வைத்துச் சோறு தின்றவனுக்கு
அது கொஞ்சம் அவமானம்தான்.

கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்.
சாம்பல் நிற அக்ரூட் ஒன்று. என் புராஸ்டேட்.
அதன் ஓரத்தில் ஒரு கருமை,
ரொட்டியில் ஈரம் பட்ட இடம் போல.
"அதுவா?"
"அதுவாகவும் இருக்கலாம். வெறும் அழற்சியாகவும் இருக்கலாம்.
நிழலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.
ஊசி எங்கே போக வேண்டும் என்று இது காட்டும்,
அவ்வளவுதான்."
பண்ணைக்காரர்களிடம் நான் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்.

டக்.
பன்னிரண்டு டக். எண்ணினேன்.
ஏழாவதில் சுவரில் இருந்த ஆணியைத் திட்டினேன்.
பாவம், அது என்ன செய்யும்.

பத்து நாள் பொறுக்கச் சொன்னார்கள்.
சிறுநீரில் ரத்தம், கிடங்கில் வேலை.
நான்காம் நாள், பதினேழாம் அடுக்கில்
ஒரு சக்கரம் மந்தமாகப் பதில் சொன்னது.
மறுபடி தட்டினேன். மறுபடியும்.
முன்பெல்லாம் இவ்வளவு நேரம் நிற்க மாட்டேன்,
தோலில் கோடு கிழித்துவிட்டு நகர்வேன்:
இரண்டாம் தரம். சீக்கிரம் தின்று தீருங்கள்.

கிடங்குக்காரி ரொசால்பா பார்த்துக்கொண்டிருந்தாள்.
"என்ன இவானோ, காது போய்விட்டதா?"
"காது இருக்கிறது. கை வரவில்லை."

பதின்மூன்றாம் நாள்தான் போன் வந்தது.
இரண்டு ஊசியில் இருக்கிறது.
சின்னது, சோம்பேறி, இப்போதைக்கு அறுக்க வேண்டாம்.
ரத்தம் பார்ப்போம், படம் எடுப்போம்,
ஜூனில் வாருங்கள் என்றாள்.

அதாவது, பலகைக்கே திருப்பி அனுப்புகிறாள்.

அந்தச் சக்கரத்தைப் புரட்டி வைத்தேன்.
கோடு போடவில்லை.
சாக்கட்டியால் 'ஜூன்' என்று எழுதினேன்.
ரொசால்பா படித்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
அவள் போன பிறகு
விரல் முட்டியால் என் அடிவயிற்றில் ஒரு தட்டு.
ஈரத் துணியைத் தட்டியது போல இருந்தது.
ஒன்றும் புரியவில்லை.