அரைப்பேர்

எங்கள் மலையில் இந்த நீலம் கிடையாது.
வானம் வெளுத்தாலும் சாம்பல் பூசித்தான் வெளுக்கும்.
அதனால் முதல் தடவை
திரை முழுக்க நீலம் விரிந்தபோது
நல்லாத்தான் இருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தேன்.
பிறகுதான் பார்த்தேன்
முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாய்ச்
சாய்ந்து கிடந்த அழுமூஞ்சியை.
ஜெபமாலையின் சேமலாப நிதிக் கடிதம்,
மூன்று பக்கம்.
சேமிக்கவில்லை.

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு தரம்.
சில நாள் இரண்டு.
சில நாள் ஒன்றுமே இல்லை; அதுதான் கூடப் பயம்.

கொழும்பில் புடவைக்கடையில் நிற்கும் புருஷன்
போனில் சொன்னார்: வைரஸ்.
அவருக்கு எல்லாமே வைரஸ்,
என் அண்ணன் உட்பட.

அட்டனில் நிஸ்தார் மூடியைக் கழற்றி
மெமரியை உருவி
பள்ளிக்கூடத்து அழிறப்பரால்
அதன் பொன்நிறப் பற்களைத் தேய்த்தார்.
"மூடுபனி உள்ளுக்குப் போயிருக்கு தங்கச்சி."
விண்டோஸை மறுபடி ஏற்றினார். இரண்டாயிரத்து ஐந்நூறு.
கடையில் மூன்று மணிநேரம் ஓடியது,
இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்குப் பிள்ளைகள் மாதிரி.
பொகவந்தலாவை பஸ்ஸில் மடியில் வைத்து
வளைவுக்கு வளைவு அணைத்துக்கொண்டு வந்தேன்.
மறுநாள் மாலை, நீலம்.

அடுத்தது புது மெமரி.
அடுத்தது இரவு முழுக்கச் சோதனை:
எட்டு மணிக்குத் தொடங்கி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு,
பிழை பூஜ்யம் பிழை பூஜ்யம் என்று
அது எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நோயும் இல்லை. ஆனால் சாகிறது.

மாமனார் விட்டுப்போன செக்ரோல் கொப்பியில்
ஆட்களுக்குப் பேர் போடும் கட்டத்தில்
அது விழுந்த நேரத்தை எழுதினேன்.
செவ்வாய் ஆறு நாற்பத்தொன்று.
புதன் ஆறு நாற்பது.
வியாழன் இல்லை.
வெள்ளி ஆறு முப்பத்தெட்டு, பிறகு ஏழேகால்.
விழாத நாளுக்கு முழுப்பேர்,
விழுந்தால் அரைப்பேர்.
மாதக் கடைசியில் கூட்டினால் பதினேழரை.
அதைவிடக் குறைச்சலாய் வாங்கியவர்களையும்
எனக்குத் தெரியும்.

கண்டுபிடித்தது நானில்லை, நாத்தனார் கமலவேணி.
அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே
கொப்பியை எட்டிப் பார்த்தாள்.
"வியாழக்கிழமை எனக்குப் பதினொரு கிலோதான்."
வெள்ளி?
"இருபத்தாறு. மழைக்குப் பொறகு கொழுந்து கொட்டிச்சே."

அவள் கிலோவும் என் நீலமும்
ஒரே கட்டத்தில் நின்றன.

மலை முழுக்கக் கிள்ளினது
லொறியில் ஸ்டோருக்குப் போய்த் தட்டில் பரவி
வாட்டுக் காற்றாடிகள் ஒன்றொன்றாய் உறுமி எழும்போது
லயத்து பல்புகள் ஒரு தரம் கண் சிமிட்டும்.
பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.
பல்புக்குச் சிமிட்டிவிட்டுத் திரும்பத் தெரியும்.
என் பெட்டிக்குத் தெரியவில்லை.

நிஸ்தார் புது பவர் சப்ளை போட்டார்,
பாவித்த யூபிஎஸ் ஒன்றும் தந்தார், கடனுக்கு.
இப்போது ஆறு நாற்பதுக்கு அது கீச்சிடுகிறது.
நிறைய காற்றாடி என்றால் நிறைய கீச்சு.
கமலவேணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்பாள்,
இன்னைக்கு எத்தனை?
நிறுவையில் ஈரத்துக்கென்று ரெண்டு கிலோ வெட்டுகிறார்கள்.
கீச்சில் வெட்டு இல்லை.

நேற்றுப் போயா.
ஸ்டோர் பூட்டு. மலையில் ஒரு ஆள் இல்லை.
கோயிலடியில் யாரோ ரேடியோ போட்டிருந்தார்கள்,
பல்பு அசையாமல் எரிந்தது,
நான் ஜெபமாலையின் இரண்டாவது கடிதத்தில்
திகதியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
கீச்சு இல்லை.
நீலம்.

கமலவேணி வாசலில் நின்று பார்த்தாள்.
"இது யார் எடுத்த கொழுந்து?" என்றாள்.
கொப்பியை விரித்தேன்.
போயாவுக்கு நேரே மாமனார்
ஏற்கெனவே ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்.