ஏர் எடுக்கும் இரவு

இரவு பத்தரைக்கும் ரிஃபாவின் தரை சூடு.
பகலில் தொட முடியாத ஸ்பேனரை
இப்போது துணி சுற்றாமல் பிடிக்கலாம் என்கிறாள் பிரிஸ்கா.
ஷெட் தகரத்திலிருந்து ஈரம் சொட்டுகிறது.
மழை இல்லை. ஆகஸ்ட்.

இரண்டே இருக்கை. எஞ்சின் முதுகில், டிக்கி முகத்தில்.
போன ரமலானில் என்னைக் கேட்காமல் வாங்கினாள்,
ஊர் போகும் அவசரத்தில் ஒரு ஜெர்மன்காரன் விற்றது.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாகிர் தடத்தில்
மூன்றாவது சுற்றில் பெடல் பஞ்சாகிவிட்டது.
"மிதிச்சேன் ரீகன், ஒண்ணுமே இல்ல,
மாவுல கால் வச்ச மாதிரி."
சொல்லும்போது சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
ஆனால் இந்த வேலைக்கு இன்னொரு கால் வேண்டும்,
வீட்டில் இருப்பது என் கால்தான்.

பிரேக் ஆயிலுக்குத் தாகம் அதிகம்,
காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும்,
கடல் சூழ்ந்த இந்த ஊரில் கேட்கவா வேண்டும்.
சூடேறினால் குடித்ததெல்லாம் ஆவி.
ஆவியை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.
இதையெல்லாம் சக்கரம் இருந்த இடத்திலிருந்து சொல்கிறாள்.
வலப்பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிவது
கிரீஸ் அப்பிய ஒரு கணுக்கால் மட்டும்.

பெடலுக்கு அடியில் அவளுடைய அறுந்த ரப்பர் செருப்பு.
"அடி வரைக்கும் போகக் கூடாது. பழைய சிலிண்டர்,
பழகாத இடத்துக்குப் போனா சீல் கிழிஞ்சிரும்."

மிதி.
மிதித்தேன்.
பிடி.
பிடித்தேன். ஸ்பேனர் கால் சுற்று திரும்பும் சத்தம்,
என் பாதத்துக்குக் கீழே எதுவோ
மெல்ல ஒப்புக்கொண்டு இறங்குகிறது.
பிடி, பிடி, விட்ராதே.
திருகு மூடுகிறது.
விடு.

தூரமான சக்கரம் முதலில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூக்கு.
கண்ணாடிக் குழாய் வழியே பாட்டிலுக்குள்
முதலில் கடுஞ்சாயா, பிறகு கொஞ்சம் வெளுத்து,
நடுநடுவே குமிழி. அவள் சத்தமாக எண்ணுகிறாள்.

பதினான்கில் நான் சீக்கிரம் விட்டுவிட்டேன்.
"என்ன பண்ணுன?"
"கண்ணுல வேர்வை."
"கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"
வெளியே போன காற்று திரும்பி உள்ளே.
அந்தச் சக்கரம் மறுபடி.

மூன்றாவது சக்கரத்தில் பெடல்
சட்டென்று செருப்பில் போய் முட்டியது.
குழாயில் சோடா பொங்குவது போல நுரை.
எழுந்து போய் முன் டிக்கியைத் திறந்தாள்.
டப்பா காலி. ஊற்ற மறந்தது அவள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பதில் இருந்த ருசியையும் மறைக்கவில்லை.

"மனசுல இருக்கிறதைச் சொல்லிரு."
"எவ்வளவு?"
மேல் வீட்டு ஏசி நின்று, திரும்ப ஓடத் தொடங்கியது.
"ரெண்டாயிரத்து எழுநூறு தினார்."
புது டின்னின் மூடியைப் பிய்த்தாள்.
"சரி, முதல்லயிருந்து."

ஒன்றேகாலுக்குக் கிளட்ச்.
அதற்கும் அதே டப்பாதான்.
மிதித்தால் அப்படியே படுத்துக்கொள்கிறது,
பெருவிரலைக் கொக்கியாக்கி
ஒவ்வொரு முறையும் நான்தான் தூக்கிவிட வேண்டும்.
இருபது முறை. முப்பது.
பிறகு ஒரு தடவை, விரல் போகும் முன்பே,
தானாக எழுந்து நின்றது.
"வந்துருச்சு," என்றேன்.
நான் ஏன் கத்தினேன் என்று தெரியவில்லை.

காம்பவுண்டு கேட் வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.
முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க ஓட்டினேன்.
பிரேக் மேலேயே, கல் மாதிரி.

டப்பாவை மூடும்போது பம்பரில் ஒரு சொட்டு விழுந்தது.
பெயின்டைத் தின்னும் சொட்டு.
அவள் துணி தேடி ஓடுவதற்குள்
பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவிவிட்டேன்,
எந்தப் பாட்டில் என்று
இரண்டு முறை பார்த்துவிட்டு.