தனியாள்

மேசையில் பதிவுக் கருவி.
அதில் சிவப்பாய் ஒரு புள்ளி.
"நீங்கள் சொல்வது எதுவும்..." என்று தொடங்கி
மிக மரியாதையாய் என்னை எச்சரித்தார்
திருமதி ஆப்பிள்யார்ட்.
தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார்.

முதலில் வேன்.
வெள்ளை வேன், பின்கதவில் நசுங்கல்.
கிரிம்ஸ்பியில், என் வாசலில்,
நாற்பத்தொரு காலைகள்
ஆறு மணிக்கு முன் நின்றிருந்ததாம்.
யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.
பனி உறைந்த நாட்களில் அதன் கண்ணாடியைச் சுரண்டியவள் நான்.
அதையும் எண்ணினார்களா, நான் கேட்கவில்லை.

பிறகு பார்சல்கள்:
பத்தாம் நம்பர் பூட்ஸ், தூண்டில் சுருள்,
முதுகுவலிக்கு ஒரு பெல்ட்.
எல்லாம் கார்ல் பெயரில், என் முகவரிக்கு.

பிறகு பள்ளிப் படிவம்.
அவசரம் என்றால் யாரை அழைப்பது?
கியரனுக்கு ஆஸ்துமா.
கார்லின் எண்ணைத்தான் எழுதினேன்.
இத்தனை காகிதங்களில்
அந்த ஒரு வரியில்தான் நான் பொய் சொல்லவில்லை.
அதுதான் மாட்டிக்கொடுத்தது.

எப்போதிலிருந்து சேர்ந்து வாழ்கிறீர்கள்?

தெரிந்தால்தானே சொல்ல.
ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் வாங்கி வந்தான்.
மழை. போகவில்லை.
அடுத்த வாரம் ஷேவிங் நுரை.
அதற்கடுத்து அவன் நாய்.
விருந்தாளி எந்தத் தேதியில் வீட்டுக்காரன் ஆகிறான்?
பல் துலக்கும் பிரஷ் வந்த அன்றா,
அது தேய்ந்து
நானே புதிது வாங்கி வைத்த அன்றா?

'மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்கவும்'
ஒவ்வொரு ஏப்ரலும் கடிதம் வரும்.
மைக்ரோவேவுக்கு மேல் வைப்பேன்.
தெரிவித்தால் பணம் நிற்கும், வாடகை நிற்காது.
அவனுக்கோ கிடங்கு வேலை,
ஒரு வாரம் ஐந்து நாள், ஒரு வாரம் சும்மா.
அவனிடம் போய்,
நாளை முதல் நீதான் எங்களுக்குப் படியளக்க வேண்டும் என்று
எந்த வாயால் சொல்வேன்?
சொன்னபின்னும் இருப்பானா என்று
சோதித்துப் பார்க்கப் பயம்.
அரசாங்கத்தை ஏமாற்றினாயா என்றால், ஆம்.
கொஞ்சம் என்னையும்.

பழுப்பு உறை வந்தது.
பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு பவுண்டு.
'மணமானவர்களைப் போல் சேர்ந்து வாழ்ந்த காலம்'
என்று ஒரு கட்டம். உள்ளே இரண்டு தேதிகள்.

நான்கு வருடத்தில் ஒருமுறைகூட
கார்ல் என்னை மனைவி என்றதில்லை.
நண்பர்களிடம் லிண்ட்சி என்பான்,
குடித்திருந்தால் 'இவள்'.
எங்களைத் தம்பதி என்று முதலில் அழைத்தது
அந்தக் கடிதம்தான்.
சாட்சிக்கு வேன், பூட்ஸ்,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு பக்கத்து வீடு.

படித்தான். மடித்தான்.
"நான் இங்கே குடியிருக்கவே இல்லைன்னு சொல்லு" என்றான்.
அன்று இரவே அதை உண்மையாக்கினான்.
தூண்டிலை மறந்தான். நாயை மறக்கவில்லை.

நீதிமன்றம் கனிவாகத்தான் இருந்தது.
சிறை இல்லை. எண்பது மணி நேரம் ஊதியமில்லாத வேலை:
பழந்துணிக் கடையின் பின்னறையில்
செத்தவர்களின் கோட்டுப் பைகளைத் துழாவுகிறேன்.
பாக்கிக்கு மாதம் அறுபது பவுண்டு பிடிக்கிறார்கள்.
கணக்குப் போட்டேன்.
பதினைந்து வருடம், பதினொரு மாதம், சில்லறை.
கடைசித் தவணையின்போது
ஒன்பது வயதுக் கியரனுக்கு இருபத்தைந்து ஆகிவிடும்.
கூட இருந்தது நான்கு வருடம்தான்.
அதிலும் அவனுக்குத் தவணை ஏதும் இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன்.
அவன் போன மறுநாள் காலை
முதன்முறையாக நானே தொலைபேசியை எடுத்தேன்.
மாற்றம் தெரிவிக்க எண் ஒன்றை அழுத்தவும்.
அழுத்தினேன்.
ஐம்பது நிமிடம் ஒரே மெட்டு.
பிறகு ஒரு பையன், சளிபிடித்த குரலில்:
எப்போதிலிருந்து தனியாக இருக்கிறீர்கள்?

இதற்கு மட்டும் எனக்குத் தேதி தெரிந்திருந்தது.
செவ்வாய், இரவு பத்தரை.
வேனுக்குள்ளிருந்து நாய் குரைத்துக்கொண்டே போனது,
தெருமுனை வரைக்கும்.