மூன்று சதுரங்கள்

செல்லூர் வாடகை வீட்டுச் சுவரில்
மூன்று சதுரம் அடித்துவிட்டு
பீடியைப் பற்றவைக்கிறார் இருளப்பன்.
"மூணும் கத்திரிக்கா கலர்தானே தாயி?"

இல்லை.
முதலாவதில் சிவப்பு ஒளிந்திருக்கிறது,
நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி.
அடுத்தது, சிம்மக்கல் தள்ளுவண்டிப் பன்னீர் திராட்சை,
மேல்சாம்பல் துடைக்காதது.
மூன்றாவதற்கு ஒன்றும் தோன்றவில்லை.
அட்டையில் எண் மட்டும்: 7146.

பெரியாஸ்பத்திரியில் இரவு டூட்டி எனக்கு.
பகல் பதினோரு மணி வெயிலை
விழுங்கத் தெரிந்த சுவர் வேண்டும்.

ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.
ஒவ்வொன்றாகக் கறுத்தன.
7146 மட்டும் கொஞ்சநேரம்
முழித்துக்கொண்டு நின்றது.

"அப்ப இதுதானே?"
"மொதல்ல தூங்குனது எது?"
"கவனிக்கலையே தாயி."

மறுபடி திறந்தோம்.
இந்தத் தடவை
பீடியை அணைத்துவிட்டுச்
சாத்தினார்.