புள்ளடி இடுக

பொரளையில் இறங்கும்போதே மழை பிடித்துவிட்டது.
படிவத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு
வார்ட் பிளேஸ் நெடுக ஓடினேன்,
ஐம்பத்துமூன்று வயதில், சோதினை எழுத.

வாசலில் ஒரு பெடியன், கதவைப் பிடித்தபடி:
"மேடம், நீங்கள் சோதகரா?"
இல்லைத் தம்பி,
உமக்கு அடுத்த கதிரை.

இனிமேல் சான்றிதழ் இல்லாமல்
எவரும் அந்தப் பொத்தானை அமுக்கக் கூடாதாம்.
நல்லது.
இருபத்தைந்து வருஷம் பிந்தின நல்லது.

காலையில் ஒரு ரப்பர் தலை.
நெற்றிப்பொட்டில் பசை தடவி மின்வாய் வைத்தேன்,
தடை பார்த்தேன்,
தசைமருந்து இறங்காமல் பட்டி இறுக்கிய கணுக்காலைக் காட்டி
"வலிப்பு இங்கேதான் தெரியும்" என்றேன்.
பிறகு பழக்கதோஷம்:
வாய்க்குள் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணத் தொடங்க
சோதகர் சிரிக்காமல்
மூளை அலை ஓடும் கடதாசியைத் தொட்டுக் காட்டினார்.
மன்னிக்கவும்.
அங்கே கடதாசி இருக்கவில்லை.

அங்கே ஒரு மரப்பெட்டி, ஒரு திருகுகுமிழ்,
மணித்தியாலம் ஒன்று மட்டும் இரையும் ஜெனரேற்றர்.
பாதை பூட்டியிருந்த மாரி.
மயக்கமருந்து லொறியில் வருகிறது என்றார்கள்,
லொறி வரவில்லை.
பூமாதேவி பன்னிரண்டு நாளாய் வாய் திறக்கவில்லை,
பல்லிடுக்கில் விட்ட தண்ணீரும் கழுத்தால் வழிந்தது.
சிற்றூழியர் நாலு பேர் தோளையும் இடுப்பையும் அமத்த
நான் எண்ணினேன்.
முன்பின் செய்து பழகியவளா நான்?
ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அங்கே ஆரும் இல்லை.

மூன்றாம் தரம் முடிந்த பின்னேரம்
பூமாதேவி பிளேன்டீ கேட்டாள். சீனி காணாது என்றாள்.
அதே மூச்சில், "முதுகு நோகுது டொக்டர்."
எக்ஸ்ரே பிலிம் முடிந்து ரெண்டு மாதம்.
இன்றைக்கும்
அந்தத் தேத்தண்ணீரையும் முதுகையும்
பிரித்துக் கேட்க எனக்கு வராது.

ஏழாம் கேள்வி:
மயக்கமருந்தின்றி அளித்த சிகிச்சைகள் உண்டா?
உரிய கூட்டில் புள்ளடி இடுக.
"இல்லை எண்டு போடுங்கோ மேடம்,
பழைய படிவத்திலயிருந்து தவறி வந்த கேள்வி அது"
என்றது படிவம் சேர்க்கும் பிள்ளை.

உண்டு என்ற கூட்டில் போட்டேன்.
பக்கத்தில், கேட்காமலே,
பதினொன்று என்று எழுதினேன்.
ஈரத் தாளில் மை ஊறிக்
கூட்டைத் தாண்டியது.

பெடியன் எட்டிப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல்
தன் அழிறப்பரை என் பக்கம் நகர்த்தினான்.

பேனை தம்பி, என்றேன்.