ஏழு நிமிடம்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி.
கண்கள் மட்டும் வெளியே.
மூன்று வருடமாய்ப் பக்கத்து மேசையில் இருக்கும் ஹூய் மின்னுக்கு
என் வாய் எப்படி இருக்குமென்று தெரியாது.

அந்த வாய்க்குள்தான்
சூப்பர்வைசர் துரைராஜு இருக்கிறார்.
கல்யாண மண்டபத்தில்
நாம் சாப்பிட்டு எழுவதற்குள்
நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும் பெரியம்மா இருக்கிறார்.
படகுத்துறை அறிவிப்பும் இருக்கிறது,
அதன் கரகரப்போடு.

இரவு ஷிப்டில், மூன்றேகால் மணி ஓய்வில்,
லாக்கர் அறையில் நோர்ஹயாத்தி கைபேசியைப் பிடித்தாள்.
பதினெட்டுத் தடவை யாராவது கதவை அறைந்தார்கள்.
பத்தொன்பதாவதில் யாரும் வரவில்லை.
நாற்பத்தேழு நொடி.
போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

எழுந்து பார்த்தால்
கிள்ளானிலிருந்து ஒருவர், "எங்காளும் இப்படித்தான்."
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒருத்தி, பதினோரு சிரிப்பு முகம்.
"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் தேவையா?"
என்று ஒருவன்.
அவனுக்கும் நன்றி.
அவனுக்குப் பதில் சொல்லவே நானூறு பேர் வந்தார்கள்.

வியாழக்கிழமை ஒரு செய்தி:
"வணக்கம் சிஸ்டர். லெபோ கார்னவனில் மாடி அரங்கம்.
ஏழு நிமிஷம் செய்வீங்களா? நூற்றைம்பது வெள்ளி."

ஸ்கேமர் என்று நினைத்தேன்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் பூனைப் படம்.
வங்கிக் கணக்கு எண் கேட்கவில்லை,
அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது.
முன்பணம் கட்டச் சொல்வான் என்று
இரண்டு நாள் காத்திருந்தேன்.
மூன்றாம் நாள் கேட்டார்,
"போஸ்டர்ல தனலெட்சுமியா, தனலட்சுமியா?"
பணம் பிடுங்குகிறவன்
ஒற்றைக்கொம்புக்கு இவ்வளவு கவலைப்பட மாட்டான்.
லெ, என்று அனுப்பினேன்.

நாற்பத்தேழு நொடி எனக்குப் பழக்கம்.
ஏழு நிமிடம் என்பது நானூற்று இருபது.
தொழிற்சாலைப் பேருந்து பாலத்தில் நிற்கும்போதெல்லாம்
எண்ணிப் பார்த்தேன்.
பாலம் எனக்கு எப்போதும் போதாது.

அக்காவின் மைவியில் போனேன்.
மேடை என்று ஒன்றுமில்லை.
நீலக் கம்பளம், அதன்மேல் வட்டமாய் வெளிச்சம்.
மடக்கு நாற்காலி அறுபது, ஆள் ஐம்பத்தொன்று.
எண்ணாமல் இருந்திருக்கலாம்.

முதல் வரியைச் சொன்னேன்.
குளிர்சாதனம் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.
என் கட்டைவிரல், தன்பாட்டுக்கு,
மைக்கின் கழுத்தில்
அழிக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது.

துரைராஜு அப்போது வந்தார், கூப்பிடாமலே.
"ஹலோ! டார்கெட் என்னா? நிமிஷத்துக்கு நாலு சிரிப்பு.
இப்ப எத்தன? சீரோ.
யாரு இதுக்கு சைன் வைக்கிறது, நானா?
சிரிக்கிறதுக்கெல்லாம் ஓவர்டைம் கிடையாது, சொல்லிட்டேன்!"

முதலில் சிரித்தது
ஒலிப்பெட்டிக்குப் பின்னால் இருந்த ஆ பூன்.
அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது.
சூப்பர்வைசரைத் தெரிந்திருக்கிறது.
பிறகு அறை திரும்பி அவரைப் பார்த்தது,
பிறகு என்னை.
அதற்குப் பின் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வராது.
சிவப்பு விளக்கு எரிந்தபோது
பெரியம்மா இன்னும் பந்தியில் நின்றுகொண்டிருந்தார்.
அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

கீழே, மைவியின் கண்ணாடியில்
மாநகர் மன்றத்தின் சம்மன்.
நூற்றைம்பதில் பாதி போச்சு.

மணி பதினொன்று.
தெருமுனையில் யாரோ சட்டி கழுவும் சத்தம்.
கதவைச் சாத்திக்கொண்டு
அதை எழுதிய அதிகாரியின் குரலில்
தாள் முழுவதையும் வாசித்தேன்,
வண்டி எண், இடம், குற்றம்,
நடுவே அவர் மூக்கை உறிஞ்சுவது உட்பட.
அவரை நான் பார்த்ததே இல்லை.
குரல் இன்னும் கொஞ்சம் கட்டையாக இருக்கவேண்டும்.

மறுபடி வாசித்தேன்.