மண்ணரிப்பு: ஆம் / இல்லை

கந்தப்பளையில் பஸ் இறங்கி
மேக்கணக்குக்கு ஏறும்போது மழை விட்டிருந்தது.
வினாத்தாள் முப்பத்தேழு.
பெயர் சிவனம்மா.
காலையில் பெரட்டு, கொழுந்து, பதினெட்டுக் கிலோ.
மூன்று மணிக்குப் பிறகு லீக்ஸ்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை
புள்ளி போடணும் அக்கா என்றேன்.
"கீழ எறங்கணும், சீக்கிரம் கேளுங்க."

நீர்?
"ஊத்து இருக்கு.
மாசி வந்தா மூஞ்சி கழுவப் பத்தாது."
இரண்டு.

வருமானம்?
"எந்த வாரத்து வெலையச் சொல்ல?"
தம்புள்ளைக்கு லொறி ஏறிய வாரத்தையா,
சாக்கோடு ஓடையில் கவிழ்த்த வாரத்தையா.
நடுவில் மூன்றைப் போட்டேன்.
நடுவில் அவள் ஒரு வாரமும் இருந்ததில்லை என்பது
பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

நிலம் யாருடையது?
துரை பங்களாவின் கூரையைப் பார்த்தாள்.
"கம்பெனி கேட்டா குடுக்கணும்.
நட்டிருக்கையில கேட்டா
நட்டதோட குடுக்கணும்."

மண்ணரிப்பு: ஆம், இல்லை.

இதற்கு மட்டும் சிரித்தாள்.
"அரிச்சு எங்க போவும்?
கீழ பியசிறி பாத்திக்குத்தான்.
மழை விட்டதும் யூரியாப் பையோட எறங்குவேன்.
அள்ளி, சொமந்து, மேல கொட்டுவேன்.
பதினோரு வருசமா
இதே மண்ணுதான் எறங்குது, ஏறுது.

போன ஐப்பசியில இருந்து
பைக்கு அம்பது ரூவா கேக்குறான் அந்த ஆளு.
அவன் பாத்தியில கெடக்குறது
அவன் மண்ணாம்.
நாப்பதுக்கு முடிச்சிருக்கேன்."

ஒரு மழைக்கு இருபது பை.
கைபேசியில் பெருக்கினேன்: எண்ணூறு.
செலவுப் பட்டியலில் விதை இருந்தது,
உரம், மருந்து, லொறிக்கூலி இருந்தன.
மண் இல்லை.
'ஏனையவை' என்ற கோட்டுக்கு மேல்
நெருக்கி எழுதினேன்.
ஆம் என்பதா இல்லை என்பதா என்று
இரண்டு கட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவள் பைகளை உதறி
ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்வி.
இன்னும் பத்து வருடத்தில்
இந்த விவசாயம் இந்த இடத்தில் இருக்குமா?

பதில் வரவில்லை.
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சப்பாத்த இங்கயே தட்டிட்டுப் போங்க தம்பி."

வேலிக்கல்லில் தட்டினேன்.
இடது காலில் ஒரு கட்டி,
வலது காலில் அதைவிடப் பெரிதாக ஒன்று.
குதிப்பள்ளத்தில் ஒட்டியிருந்ததை
ஈர்க்குச்சி கொண்டு அவளே சுரண்டினாள்.

பிறகு பெருவிரலால் தள்ளித் தள்ளி
ஓரத்து லீக்ஸின் அடியில் சேர்த்து
ஒருமுறை மிதித்தாள்.
பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.